ஏன் வந்தாய் என்று கேட்டவர்கள்



நினைவுச் சொற்பொழிவு மறைந்தவரைப் புகழ்வதற்கு மட்டும் உரிய மேடை அல்ல. மறைந்தவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற கேள்விகளை எடுத்துப் பேசுவதற்கும் உரியது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இரண்டே சொற்களால் ஆனது: ‘ஏன் வந்தாய்?’ வேதத்தில் சேர்ந்த ஒவ்வொரு தலித்திடமும் முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. முதலில் மிஷனரி கேட்டார். பிறகு நிலக்கிழார் கேட்டார். அதன்பின் தேசியத் தலைவர் கேட்டார். இன்று நீதிமன்றம் கேட்கிறது.

கிறிஸ்தவம் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியே அழைப்பதாகச் சொல்கிறது. உன் தந்தை நம்பியதால் நீ நம்பியவன் ஆகிவிடமாட்டாய், உன் ஊர் சேர்ந்ததால் நீ சேர்ந்தவள் ஆகிவிடமாட்டாய், உன் வாயால் நீயே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் போதனை. தொழில், குடியிருப்பு, உணவு, சுடுகாடு வரை எல்லாமே பிறப்பால் தீர்மானிக்கப்பட்ட ஒரு நாட்டில், சேரியில் பிறந்தவரை நோக்கி ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று ஒருவர் கேட்டது சாதாரண நிகழ்ச்சி அல்ல. நம் முன்னோர் பதில் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் நம்பப்படவில்லை. அழைத்தவர்களே சந்தேகப்பட்டார்கள். இந்த வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது யாரையும் எந்த மதத்துக்கும் அழைக்கும் உரை அல்ல. இந்த அரங்கில் பௌத்தர் இருக்கிறீர்கள், கிறிஸ்தவர் இருக்கிறீர்கள், கடவுளை மறுப்பவர்களும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பவர்களும் இருக்கிறீர்கள். நம் அக்கறை, பதில் சொன்னவரின் பதிலுக்கு என்ன மதிப்புக் கொடுக்கப்பட்டது என்பதே.

அழைத்தவர் யார்?

மிஷன் வரலாறுகளைப் படித்தால் ஒரு சித்திரம் மனதில் பதியும். வெள்ளைக்காரர் கப்பலில் வருகிறார், அழைக்கிறார், நாம் போகிறோம். மயிலாடியின் கதை இந்தச் சித்திரத்தைத் தலைகீழாக்குகிறது.

சுசீந்திரத்துக்கு அருகில், அன்றைய தென் திருவிதாங்கூரில் உள்ள ஊர் மயிலாடி. அங்கே சாம்பவர் குடியில் பிறந்தவர் மகாராசன். பக்தி மிகுந்தவர். 1799ஆம் ஆண்டுவாக்கில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கோல்ஹாஃப் என்ற லுத்தரன் போதகரின் பிரசங்கத்தைக் கேட்டார். யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. கோயிலைத் தேடிப் போனவர் வேறொன்றைக் கேட்டார், கேட்டதை எடைபோட்டார், ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

ஊரில் அவருக்குப் பரிகாசம் கிடைத்தது, பிறகு பகை கிடைத்தது. அதையும் மீறி ஒரு சிறு கூட்டம் அவரைச் சுற்றிச் சேர்ந்தது. போதகர் யாரும் இல்லாமலே அவர்கள் கூடிப் படித்தார்கள், செபித்தார்கள். தங்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று வேதமாணிக்கம் சோழ நாட்டுக்கு மறுபடியும் போய்க் கேட்டார். அந்த வேண்டுகோளை ஏற்று வந்தவர்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே. 1806 ஏப்ரலில் அவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தபோது, அங்கே அவருக்காக ஒரு சபை காத்திருந்தது. அதாவது, தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைத் தொடங்கியவர் ஒரு சாம்பவர். மிஷனரி அழைக்கப்பட்டு வந்தவர்.

வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சிக் காலத்தில் வேதமாணிக்கமும் அவரைச் சேர்ந்தவர்களும் மலைகளில் ஒளிந்து உயிர் தப்பினார்கள். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே நோயுற்று ஊரை விட்டுப் போனபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். கப்பலேறியவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை புதிர். ஆனால் அடுத்த மிஷனரி மீட் 1818இல் வந்து சேரும்வரை அந்தச் சபைகள் கலையவில்லை. காத்தவர்கள் நம்மவர்கள்.

இதே ரிங்கல்தௌபேதான் தன்னிடம் வந்தவர்களின் நோக்கத்தைக் கடுமையாகச் சந்தேகித்தவர். தலைவரியிலிருந்து தப்பிக்க வருகிறார்கள், வழக்கில் உதவி கேட்டு வருகிறார்கள், ஊழியத்திலிருந்து விடுபட வருகிறார்கள் என்று எழுதினார். பலரைத் திருப்பி அனுப்பினார். அவர் தன் சம்பளத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிழிந்த உடையோடு திரிந்தவர் என்பதும் உண்மை. நல்லவரே சந்தேகப்பட்டார் என்பதைக் குறித்துக்கொள்வோம். அவருடைய சந்தேகம், உடலின் துயரம் வேறு, ஆன்மாவின் தேடல் வேறு என்ற அவருடைய கல்வியிலிருந்து வந்தது.

ஊழியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அன்றைய திருவிதாங்கூரில் அது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலையின் பெயர். அதே சொல்தான் தமிழ்ச் சபைகளில் இறைப்பணியின் பெயராக நிற்கிறது. அடித்து வாங்கப்பட்ட ஊழியத்தை அறிந்தவர்கள், தாமே விரும்பிச் செய்த ஒன்றையும் ஊழியம் என்று அழைத்தார்கள். வேதம் என்ற சொல்லும் அப்படித்தான். எந்த மக்கள் வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று விலக்கப்பட்டார்களோ, அவர்களைத்தான் நம் ஊர்த் தெருக்கள் ‘வேதக்காரர்’ என்று அழைத்தன.

சோற்றுக்காகவா?

‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற வசைச்சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் தாத்தா பாட்டிகள் ஒரு படி அரிசிக்காக மதம் மாறினார்கள் என்பது அதன் பொருள். இந்தச் சொல்லை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் ஓங்கோல். அங்கே அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் 1866இல் பணி தொடங்கினார். உயர்சாதிக் குடும்பங்கள் சேரக்கூடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆனால் அவரை நாடி வந்தவர் எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகர், தோல் வியாபாரி. ஏற்கெனவே ஆன்மிகத் தேடல் உள்ளவர். வியாபாரப் பயணங்களில் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டு, தாமே மிஷனரியைத் தேடிக் கண்டடைந்தவர். அவரும் அவர் மனைவி நாகம்மாவும் ஞானஸ்நானம் பெற்று, மாதிகர் சேர்க்கப்படத் தொடங்கியதும், ஆர்வம் காட்டிய உயர்சாதியினர் விலகிக்கொண்டார்கள். அவர்களும் ஓர் அழைப்பைக் கேட்டவர்கள்தாம். மாதிகரோடு ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்றதும் அந்த அழைப்பு அவர்களுக்குக் கசந்துவிட்டது. ‘ஏன் வந்தாய்?’ என்ற கேள்வியை நம்மிடம் கேட்டவர்கள், ‘ஏன் போனாய்?’ என்று அவர்களிடம் கேட்கவில்லை.

1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம். மாகாணம் முழுவதும் மக்கள் செத்து விழுந்தார்கள். கிளஃப் பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் நீளத்துக்கு வெட்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்தார். கால்வாய்க் கரையில் மண் சுமந்தவர்கள் கேட்டார்கள்: எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளஃப் மறுத்தார். கூலிக்காக வருகிறார்கள் என்ற பழி வரும் என்று பயந்து, ஓராண்டுக்கும் மேலாக ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்து, கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அரிசி கிடைத்த நாளில் அவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. அரிசி தீர்ந்த பிறகே திறந்தது. ஆனாலும் பெயர் அரிசிக் கிறிஸ்தவர்.

இன்னொரு ஊர். பஞ்சாபின் சியால்கோட். 1873இல் தித் என்ற கால் ஊனமுற்ற தோல் வியாபாரி, சூஹ்ரா சாதியைச் சேர்ந்தவர், மிஷனரியிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டார். மிஷனரிக்குத் தயக்கம். அன்றைய வழக்கப்படி மதம் மாறியவர் மிஷன் வளாகத்திலேயே தங்குவார். தித் தங்க மறுத்தார். உடனே என் ஊருக்குத் திரும்புகிறேன் என்றார். சில மாதங்களில் தன் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு மனிதரிடமிருந்து தொடங்கியது, ஒரு தலைமுறைக்குள் அந்தப் பகுதியின் சூஹ்ரா மக்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொண்டது.

தித் செய்ததில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. மிஷனரிகளுக்குத் ‘தனிமனித நம்பிக்கை’ என்றால் குடும்பத்தையும் ஊரையும் விட்டு வெளியேறி நிற்கும் ஒருவர். தித்துக்கும் பெரையாவுக்கும் வேதமாணிக்கத்துக்கும் அது அப்படி இல்லை. தனியாகக் கேட்டார்கள், தனியாக முடிவெடுத்தார்கள், பிறகு தெருவுக்குத் திரும்பினார்கள். இதைக் ‘கும்பல் மாற்றம்’ என்று பின்னால் இகழ்ந்தவர்கள், ஒவ்வொரு கும்பலின் தொடக்கத்திலும் நெடுந்தூரம் நடந்துபோன ஒரு மனிதர் இருந்ததை மறந்துவிட்டார்கள்.

ஏழாம் நாள்

சரி, அவர்கள் விடுதலைக்காகவும்தான் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் நம்பிக்கை பொய்யாகிவிடுமா?

ஓங்கோல் மாதிகர் கிறிஸ்தவர்களுக்கு மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டுக் கறி தின்னக் கூடாது, விக்கிரகங்களை வணங்கக் கூடாது. விக்கிரகத்தை வணங்குவதில்லை என்பதால் ஊர்த் திருவிழாவில் பறையடிக்கவும் அவர்கள் மறுத்தார்கள். ஒரு போதகரின் கண்ணில் இவை பக்தியின் அடையாளங்கள். ஊர்த் தலைவரின் கண்ணில் இவை வேலைநிறுத்தம். ஏழு நாளும் தன் வயலில் நிற்க வேண்டியவன் ஒரு நாள் வரமாட்டேன் என்கிறான். செத்த மாட்டைக் கூலியாகக் கொடுத்தால் வேண்டாம் என்கிறான். அடிக்கச் சொன்ன இடத்தில் அடிக்க மறுக்கிறான். அடி விழுந்தது, கிணறு மறுக்கப்பட்டது, பொய் வழக்குகள் வந்தன.

செபித்தல் எங்கே முடிகிறது, உரிமைப் போராட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியுமா? கொத்தடிமை ஒருவர் ஞாயிறு காலையில் குளித்து, வெளுத்த துணி உடுத்து, சம்பளம் இல்லாத ஓர் இடத்தில் போய் உட்காருவது இரண்டும்தான். அவருடைய உடலும் ஆன்மாவும் ஒரே அடிமைத்தனத்தில் இருந்தன. இரண்டும் ஒன்றாகத்தான் எழுந்து நடந்தன.

செங்கல்பட்டை நாம் மறக்க முடியாது. அங்கே ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, பறையர்களுக்கு நிலம் கிடைக்க அரசோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர். ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்த அரசாணையும்தான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் அடிப்படை. நூறு ஆண்டுகள் கழித்து, 1994 அக்டோபர் 10ஆம் நாள், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான இருவரில் ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. நிலத்தைக் கேட்டபோது இருவருக்கும் ஒரே குண்டுதான்.

பந்தியில் நடந்தது

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். அழைப்புக்குப் பதில் சொல்லி உள்ளே போனவர்களுக்கு உள்ளே என்ன கிடைத்தது?

தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706இல் இறங்கினார்கள். 1707 மே மாதம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவர், டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள். அடிமைகளால் தொடங்கிய அந்தச் சபையில் சில ஆண்டுகளிலேயே சூத்திரர் ஓரிடத்திலும் பறையர் சற்றுத் தள்ளி வேறோர் இடத்திலும் உட்கார்ந்தார்கள். தஞ்சை அரசரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தைத் தாமே படித்து இந்தச் சபைக்கு வந்தவர். உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று முடிவாயிற்று. 1741இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதியை அடியோடு, உடனடியாக, நிரந்தரமாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னையிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் பருகுவதைவிடப் பாத்திரத்தையே விட்டுவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதையொட்டி எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தனித் தெரு, தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்ற பட்டியலை உங்களில் பலர் உங்கள் ஊரிலிருந்தே சொல்வீர்கள்.

இதனால்தான் பொய்கையில் யோகன்னான் சபை சபையாகப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் வெளியேறித் தனி இயக்கம் கண்டார். இதனால்தான் அயோத்திதாசர் வேறு வழி தேடி 1898இல் பௌத்தம் தழுவினார். அம்பேத்கர் கிறிஸ்தவம் பற்றி எழுதியபோது, மதம் மாறிய தீண்டத்தகாதவரின் சமூக விடுதலைக்குச் சபை போராடவில்லை என்ற குற்றச்சாட்டைத் தயவில்லாமல் வைத்தார். விலகியவர்களின் பதிலும் பதில்தான். ஓர் அழைப்பை ஆராய்ந்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவனுக்கு, வேண்டும் என்று சொல்லும் உரிமையும் இல்லை.

உள்ளேயே இருந்து போராடியவர்களும் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை என்று அறிந்தவர், நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ‘ஒரே உலை’ என்பது அவருடைய இறையியல். ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடாத இடத்தில் நற்கருணைக்குப் பொருள் இல்லை என்பது அதன் சாரம்.

கேள்வி சட்டமானது

1936இன் இறுதியில் காந்தி, ஜான் மாட் என்ற கிறிஸ்தவத் தலைவரோடு நடத்திய உரையாடல் பதிவாகியிருக்கிறது. மதங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் அறிவு ஹரிஜனங்களுக்கு இல்லை என்பது காந்தியின் வாதம். ஒரு பசுவிடம் சுவிசேஷத்தைச் சொல்வீர்களா என்று கேட்டார். மிஷனரி நம் நோக்கத்தைச் சந்தேகித்தார். காந்தி நம் அறிவையே சந்தேகித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்பேத்கர் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சந்தேகத்தின் அரசியல் புரியும்.

1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். தெருவில் நின்று பார்த்தால் அவர் தீண்டத்தகாதவர், தாலுகா அலுவலகத்தில் மட்டும் இல்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகக் கடைப்பெட்டி கொடுத்தது. அதே தெருவில் அதே தொழிலைச் செய்த சூசைக்கு இல்லை, அவர் கிறிஸ்தவர் என்பதால். 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கையில் ஊசியோடும் தோலோடும் சாலையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஆதாரம் கேட்கப்பட்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது.

2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் ஞானஸ்நானமும் தேவாலயப் பழக்கமும் உச்ச நீதிமன்றத்தில் ஆராயப்பட்டன. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று தீர்ப்பு வந்தது. ரிங்கல்தௌபே 1806இல் கேட்ட அதே கேள்வி. நீ உண்மையாகவா வந்தாய்? நிலம் உள்ளவர், கல்வி உள்ளவர், சாதியோடு மதம் மாறிச் சாதியோடே வாழ்கிறவர் எவரிடமும் எந்த நீதிபதியும் இதைக் கேட்டதில்லை. அவர்களுக்கு நம்பிக்கை தனிப்பட்ட விஷயம். நமக்கு மட்டும் அது விசாரணைக்கு உரிய விஷயம்.

நம் வேலை

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து மூன்று வேலைகள் நமக்கு உண்டு.

முதலாவது, 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்திக்கு எதிரான போராட்டத்தைக் கிறிஸ்தவர்களின் கோரிக்கை என்று ஒதுக்காதீர்கள். மனசாட்சிக்கு அரசு விலை வைக்கலாமா என்ற கேள்வி அது. பௌத்தரும் கடவுள் மறுப்பாளரும் அதில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, சபைகளுக்குள் இருப்பவர்கள் சபைகளைக் கேளுங்கள். தனித்தனியே ஒவ்வொருவரையும் அழைத்ததாகச் சொல்கிறவர்கள், கல்லறையில் ஏன் தெருத்தெருவாகப் புதைக்கிறார்கள்? பதில் வரும்வரை கேளுங்கள்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. உங்கள் ஊர் ஆலயங்களில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் அவற்றைத் திறந்து பாருங்கள். பழைய பெயர், புதிய பெயர், நாள், ஊர் என்று வரிவரியாக இருக்கும். வீட்டில் முதலில் போனது யார், அண்ணனா, அக்காளா, விதவையான அத்தையா, அன்று என்ன நடந்தது, யார் அடித்தார்கள், யார் கூட நின்றார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மிஷனரியின் கடிதங்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம்மவரின் பதில் நம் வீட்டுப் பாட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது.

அப்படிக் கேட்கும்போது ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘ஏன் போனீர்கள்?’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். ‘அன்றைக்கு என்ன கேட்டீர்கள், பாட்டி?’ என்று தொடங்குங்கள். மயிலாடியிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்தவரைப் போல, அவர்களுக்கும் சொல்வதற்கு ஒரு பயணம் இருக்கும்.